நனையக் கூடாத இறகு

ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவுப் பக்கம் 2001-இல் கடலில் எண்ணெய் கசிந்தபோது 438 சிறு பெங்குவின்கள் அதில் சிக்கின. மீட்பவர்கள் அவற்றுக்குக் கம்பளி நூலில் பின்னிய குட்டி ஸ்வெட்டரை மாட்டிவிட்டார்கள். எண்ணெய் படிந்த பறவை சும்மா இருக்காது, அலகால் இறகைக் கோதும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். குளிப்பாட்டும் வரை அதைத் தடுக்கவும், உடம்புச் சூடு இறங்காமல் இருக்கவும்தான் அந்த உடுப்பு. சிக்கியவற்றில் 96 சதவீதம் பிழைத்தன.

பனியன் ஊரான திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஸ்வெட்டரை அல்ல, அதற்கடுத்த வேலையை. எண்ணெய் போக சோப்புத் தண்ணீரில் அலசிய பிறகு, அந்த சோப்பைப் போக்க நல்ல தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அடிப்பார்கள். இறகில் சோப்பு மிச்சமிருந்தால் பறவை நீரில் இறங்கியதும் நனைந்துவிடும். எண்ணெயில் கிடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

காரணம் திருமுருகன்பூண்டியிலிருந்து திருப்பூர் வரை சலவைப் பட்டறையில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரிந்ததுதான். தறியிலிருந்து வந்த பச்சைத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்கும், பருத்தியின் மெழுகு அதை உள்ளே விடாது. காஸ்டிக் சோடாவும் வெட்டிங் ஏஜென்டும் போட்டு வேக வைத்தபின் அதே சொட்டு நொடியில் உறிஞ்சப்படும். இறகும் பச்சைத் துணி மாதிரிதான். நுண்ணிழைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்து, இடையே காற்றை அடைத்து வைத்திருக்கின்றன. வால் அடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயைப் பறவை மேலே பூசிக்கொள்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை குறையாத வரைதான் அந்தக் காற்று உள்ளே நிற்கும். அதைக் குறைப்பதற்கென்றே விற்கப்படும் பொருள் வெட்டிங் ஏஜென்ட்.

திருமுருகன்பூண்டி வழியாகப் போகும் நல்லாறு, சர்க்கார் பெரியபாளையத்தில் உள்ள நஞ்சராயன் குளத்தில் சேருகிறது. 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமான இந்தக் குளம், 2024 ஆகஸ்டில் ராம்சர் தளமாகவும் ஆனது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளியிருந்தாலும், கடலிலும் வாழும் குடும்பங்களைச் சேர்ந்த நீர்க்காகமும் கூழைக்கடாவும் இங்கே மீன் பிடிக்கின்றன. மழையில்லாத மாதங்களில் நல்லாற்றில் ஓடுவதில் பெரும்பங்கு ஊர்க் கழிவுநீர். வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரும் அதில் உண்டு, ஆகவே பட்டறையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிட முடியாது. வெள்ளம் வந்தால் எல்லாம் கரைந்து போகும். வெள்ளம் வராத காலமே இங்கு அதிகம்.

நம்ம ஊரில் ஏது அவ்வளவு குளிர் என்று கேட்கலாம். பறவையின் உடம்புச் சூடு ஏறக்குறைய 40 டிகிரி. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். வலசை வந்த வாத்து திரும்பிப் பறக்கச் சேர்க்க வேண்டிய கொழுப்பை, நனைந்த உடம்பைச் சூடாக்கவே செலவழித்துவிடும். அது குளத்தில் செத்து மிதக்க வேண்டியதில்லை. போகும் வழியில் எங்கோ விழும், நம் கணக்கில் வராது.

இன்னொரு பக்கம் உப்பு. கடற்பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி உண்டு. கடல்நீரைவிட உப்பான திரவத்தை அது வெளியேற்றும். பெங்குவினின் அலகு நுனியில் சொட்டுவது அதுதான். நீர்க்காகங்களை வைத்து விஞ்ஞானி க்னுட் ஷ்மிட்-நீல்சன் 1957 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார். கருப்பு, நேவி போன்ற அடர் நிறச் சாயம் ஏற்றும் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு போகிறது, கடலில் 35 கிராம்தான். அந்த உப்பு எங்கே போய் நின்றது என்பதற்கு, 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்து சாயக்கழிவுத் தேக்கமாக மாறிய ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இறுகியது. உப்பு கூடும்போது வளர்ந்த வாத்தின் சுரப்பி ஓரளவு பெரிதாகி ஈடுகொடுக்கும். பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. உப்பு நீரில் அது வளர்ச்சி குன்றும், சாகவும் செய்யும். ஆகவே குளத்தில் பெரிய பறவைகள் நிறையத் தெரிகின்றன என்பதைத் தண்ணீர் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

உப்பைப் பிடிக்க டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பும் இருக்கிறது. வெட்டிங் ஏஜென்டை அந்த மீட்டர் காட்டிக்கொடுக்காது. நிறமும் இராது. நுரை வந்தால் தெரியும், ஆனால் நுரை குறைவாக வரும் ரகங்களும் சந்தையில் உண்டு.

பாதிப்பு தெரிந்த பின் மீட்கலாம் என்பதும் எளிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய எண்ணூர் முகத்துவாரத்தில், கூழைக்கடாக்கள் கறுத்த இறகுகளோடு திரிந்தன. பறக்கத் தெம்புள்ள பறவை மனிதன் கைக்குச் சிக்காது. பெங்குவினுக்குப் பறக்க வராது, அதனால்தான் பிலிப் தீவில் அத்தனையைப் பிடித்து ஸ்வெட்டர் போட முடிந்தது.

நஞ்சராயன் குளத்துக்குப் பைனாகுலரோடு போகிறவர்கள் எண்ணிக்கையோடு ஒரு குறிப்பும் சேர்க்கலாம். சிறகு விரித்துக் காயும் நீர்க்காகத்தை விட்டுவிடுங்கள், அதன் வெளியிறகு இயல்பாகவே நனையும். புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான் ஆகிய மூன்றையும் பாருங்கள். முதுகு மட்டும் தெரிய ஆழ்ந்து மிதந்தாலோ, இறகு பிசுபிசுத்துக் கரையிலேயே வெகுநேரம் நின்று கோதிக்கொண்டிருந்தாலோ, தேதியும் இடமும் எழுதி வனத்துறையிடம் கொடுங்கள். அன்றைக்கே நல்லாறு குளத்தில் விழும் இடத்தில் தண்ணீர் மாதிரி எடுத்து, டிடிஎஸ்ஸோடு சோப்புப் பொருள்களுக்கான சோதனையும் கேளுங்கள்.