சாக்கடைக் கொசுவும் சொத்தை விந்தும்

மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறவனுக்குக் கொசுவைப் பற்றி யோசிக்கத் தனியாகக் காரணம் வேண்டியதில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்த மறந்தால் போதும். நான் படித்தது பி.ஈ., பூச்சியியல் இல்லை. எரிச்சலில் தேடிப் படித்ததுதான் இதெல்லாம்.

இருட்டினதும் உள்ளே வருவது பெரும்பாலும் க்யூலெக்ஸ், அதாவது சாக்கடைக் கொசு. இதில் பெண் அநேகமாக ஆயுளுக்கு ஒரே தடவைதான் இணைசேரும். அப்போது கிடைத்த விந்தணுக்களை வயிற்றுக்குள் மூன்று குட்டிப் பைகளில் சேமித்துவைத்து, ஒவ்வொரு முறை முட்டையிடும்போதும் அதிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும். ஒரு ஈட்டுக்கு நூறு முட்டைக்கு மேல். அந்த ஒரு ஆணின் விந்து சொத்தை என்றால் மொத்த வம்சமும் அத்தோடு காலி.

வேறு ஆணைத் தேடக் கூடாதா? தேடாது. விந்தோடு சேர்ந்து வரும் திரவம்தான் அதன் இணைசேரும் நாட்டத்தை அணைக்கிறது. விந்தணு தேறுமா தேறாதா என்பது அந்தத் திரவத்துக்குத் தெரியாது. பார்சலைப் பிரிக்காமலே ரசீதில் கையெழுத்துப் போட்ட கதைதான்.

இந்த ஓட்டைக்குள் புகுந்தவர் லாவன் என்ற ஜெர்மன் ஆய்வாளர். கொசுவின் உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உண்டு. ஆணிடம் இருக்கும் வோல்பாக்கியா விந்தணுவை ஒரு மாதிரி பூட்டி அனுப்பும். முட்டையில் அதே வகை இருந்தால் பூட்டு திறக்கும். வேறு வகை என்றால் தகப்பன் வழிக் குரோமோசோம்கள் முதல் செல் பிரிவிலேயே சொதப்பும், கரு செத்துவிடும். எங்கள் தொழில் பாஷையில், கீ இல்லாத பெட்டிக்கு என்க்ரிப்ட் செய்த பைல் போனமாதிரி. ரங்கூன் பக்கத்தில் ஒக்போ கிராமத்தில் இப்படிப் பொருந்தாத ஆண்களைத் தினமும் பறக்கவிட்டு, சில மாதங்களுக்குள் அங்கே இட்ட முட்டைகள் பொரியாதபடி செய்ததை 1967-இல் லாவன் வெளியிட்டார். மருந்து ஒரு சொட்டு கிடையாது.

அடுத்து டெல்லி. உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து, ரசாயனத்தால் மலடாக்கிய ஆண் க்யூலெக்ஸ்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் விட்டுப் பார்த்தன. உயிரியல் போர் ஆராய்ச்சியோ என்ற சந்தேகம் பத்திரிகைகளில் கிளம்பி, 1975-இல் திட்டம் நின்றது. அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான் இன்றும் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு சிக்கல்: வெளியூரில் நல்ல விந்தை வாங்கிக்கொண்ட பெண்கள் கிராமத்துக்குள் பறந்துவந்து முட்டையிட்டன.

எங்கள் தெருவில் மட்டும் மலட்டு ஆண்களை விட்டாலும் இதேதான் நடக்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து, பை நிரம்பின பெண்கொசு வந்து இறங்கும்.