விதை வெங்காயமும் வெங்காயப் பக்கோடாவும்

எங்கள் ஊர் உரும்பிராய். செம்மண் தோட்டம். சின்ன வெங்காயம் கிண்டியதும் நல்லதாகத் தெரிந்தெடுத்து, பிடி பிடியாகக் கட்டி, அடுத்த நடுகைக்கென்று வீட்டு வளையில் தொங்கவிடுவோம். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அந்த விதை வெங்காயத்தில் கைவைக்க அம்மா விடமாட்டார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, அம்மா அதில் ஒரு பிடியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த நாட்களில் அதையும் கறிக்கு உரிக்க வேண்டி வந்தது. அன்று அம்மா அழுததை நான் மறக்கவில்லை.

பிறகு வன்னிக்குப் போனோம். 2009 இல் கணவரை இழந்தேன். 2010 இல் இரண்டு பிள்ளைகளுடன் ஊருக்குத் திரும்பியபோது தோட்டம் செய்ய ஆள்பலமும் இல்லை, முதலும் இல்லை. இருந்தது ஒரு தாச்சியும் சமைக்கத் தெரிந்த கையும்தான். வெங்காயப் பக்கோடா பொரித்துத் தேநீர்க்கடைக்குக் கொடுக்கத் தொடங்கினேன்.

முதல் நாள் 25 பைக்கற் கொடுத்தேன். மாலையில் 19 திரும்பி வந்தது. "தங்கச்சி, சனம் ஒண்டைக் கடிச்சுப்போட்டு மிச்சத்தை வைச்சிட்டுப் போகுது. மெத்து மெத்தெண்டு கிடக்கு" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்தேன். அயல்வீட்டு அக்கா ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, வெங்காயத்துக்குள்ளயே தண்ணி கிடக்கு. நீ ஏன் மேலால விடுறாய்?"

மொறுமொறுப்பின் இரகசியம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

பம்பாய் வெங்காயம் - 500 கிராம்
கடலை மா - 200 கிராம்
வறுக்காத அரிசி மா - 50 கிராம்
தனி மிளகாய்த்தூள் - 1 தேக்கரண்டி
பெருஞ்சீரகம் (ஒன்றிரண்டாக இடித்தது) - 1 தேக்கரண்டி
பச்சை மிளகாய் - 3
கறிவேப்பிலை - 2 நெட்டு
உப்பு - 1 தேக்கரண்டி
பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெய்

செய்முறை

வெங்காயத்தை நீளமாகவும் மெல்லியதாகவும் ஒரே அளவாகவும் வெட்டுங்கள். தடிப்பும் மெல்லிசும் கலந்தால் ஒன்று கருகும், மற்றது வேகாது. உப்பைப் போட்டு இதழ் இதழாகப் பிரியும்படி பிசறி, 10 நிமிடம் வையுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். அந்த நீரே மாவைப் பிடிக்கப் போதும்.

பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேருங்கள். இரண்டு மாவையும் கலந்து, சிறிது சிறிதாகத் தூவிப் பிசறுங்கள். மா வெங்காயத்தில் ஒட்டினால் சரி. வெங்காயம் மாவுக்குள் மூழ்கக்கூடாது. மிகவும் வறண்டிருந்தால் மட்டும் கையை நனைத்து ஒருமுறை தெளியுங்கள். கலந்ததும் பொரித்துவிட வேண்டும். வைத்திருந்தால் மேலும் நீர் விட்டுக் களியாகிவிடும்.

எண்ணெயில் ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் கிடந்தால் சூடு போதாது. பக்கோடா எண்ணெயைக் குடிக்கும். போட்டவுடன் கறுத்தால் சூடு அதிகம். உடனே நுரைத்து மேலே வந்தால் பதம். சிறிது சிறிதாக உதிர்த்துப் போடுங்கள். தாச்சியை நிரப்பினால் எண்ணெய் ஆறிவிடும். பாதி பொரிந்ததும் ஒரு விறகை வெளியே இழுத்து நெருப்பைக் குறையுங்கள். சலசலப்பு அடங்குவது நீர் வற்றியதன் அடையாளம். பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள், எடுத்த பின்னும் சற்று நிறம் கூடும்.

அச்சடித்த பத்திரிகைத் தாளில் போட வேண்டாம், மை ஒட்டும். சுளகில் வெள்ளைத்தாள் விரித்துப் பரவிவிடுங்கள். நன்றாக ஆறிய பின்னரே பைக்கற்றில் அடையுங்கள். சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே வியர்த்து எல்லாம் இளகிவிடும். முதல் நாள் நான் செய்த இரண்டாவது பிழை அதுதான்.

கவனம்

கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தாச்சியைத் தூக்கி ஓடவும் கூடாது. பெரிய மூடியால் மூடி, அடுப்பை அணையுங்கள். கையில் எண்ணெய் பட்டால் 20 நிமிடம் ஓடும் நீரில் பிடியுங்கள். பற்பசையோ மஞ்சளோ பூசாதீர்கள். பெரிய காயமென்றால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

விற்பதற்குச் செய்கிறவர்கள் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்டுச் செய்வது நல்லது.

கணக்கு

பொரிக்க முன்னும் பின்னும் எண்ணெயைப் போத்தலில் அளந்து, குறைந்த அளவைக் கொப்பியில் எழுதுங்கள். பலர் மாவையும் வெங்காயத்தையும் மட்டுமே கணக்கிட்டு எண்ணெயில் நட்டப்படுகிறார்கள். விறகையும் பைக்கற்றையும் மறக்காதீர்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போடுங்கள். கறுத்து, புகைந்து, தடித்த எண்ணெயை ஊற்றிவிடுங்கள்.

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடைபோட்டது. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. அந்த நாட்களில் பம்பாய் வெங்காயம் கைக்கெட்டாத விலை. நான் பாதிக்குப் பாதி கோவா அரிந்து சேர்த்தேன். சில நாள் முருங்கையிலை. வாங்குபவர்களிடம் சொல்லித்தான் விற்றேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

நான் பழகிய ஒரு பழக்கத்தையும் சொல்கிறேன். அன்றன்று வரும் காசில் மறுநாள் மாவுக்கும் எண்ணெய்க்கும் வெங்காயத்துக்கும் வேண்டியதை முதலில் எடுத்து ஒரு பேணியில் போட்டுவிடுவேன். மிச்சம்தான் வீட்டுச் செலவுக்கு. 2022 இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, இரண்டு தடவை அந்தப் பேணியைத் திறக்க நேர்ந்தது. அம்மா அன்று ஏன் அழுதார் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. எடுத்ததைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் போட்டேன்.

என் பிள்ளைகள் அதை "விதை வெங்காயப் பேணி" என்றுதான் சொல்வார்கள். சகோதரிகளே, சிறிய தொழில் தொடங்குகிற ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு பேணி இருக்கட்டும்.