அகத்தியருக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை!



தைப் பொங்கலன்று எங்கள் அவனியாபுரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாடிவாசல் திறந்துவிட்டால் மாலை வரை ஜல்லிக்கட்டுதான். ஊரே திரண்டு நிற்கும். இரவில் கூட்டம் கலைந்து தெரு அடங்கியதும், பத்தரை மணி வாக்கில் நான் மொட்டை மாடிக்குப் போவேன். தெற்குப் பார்த்து நிற்பேன். அங்கே எனக்கு வேண்டிய இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அகத்தியர். இன்னொருவர் ஒரு கைக்குழந்தை!

'தாத்தா கதை விடுகிறாரே' என்று நினைக்கிறீர்களா? இல்லை, இரண்டுமே நட்சத்திரங்கள்.

இரவு வானில் மிகவும் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அதற்குக் கீழே, தெற்குத் திசையில், பிரகாசத்தில் இரண்டாவதான கனோபஸ் இருக்கிறது. அதைத்தான் நம் முன்னோர் அகத்திய நட்சத்திரம் என்றார்கள். தெற்கே வந்த முனிவர் அல்லவா! லண்டனிலும் பாரிசிலும் இருப்பவர்கள் தம் ஊரில் இதைப் பார்க்கவே முடியாது. நமக்கு அந்தப் பாக்கியம் உண்டு.

இப்போது கையை நன்றாக நீட்டி, மூன்று விரல்களைச் சேர்த்து வையுங்கள். அகத்தியருக்கு வலப்பக்கம், அந்த மூன்று விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், கொஞ்சம் மேலே ஒரு மங்கலான நட்சத்திரம் தெரியும். அதன் பெயர் பீட்டா பிக்டோரிஸ். பிப்ரவரி நடுவில் என்றால் இரவு எட்டரை மணிக்கே அது நேர் தெற்கில் இருக்கும்.

அது நம்மிடமிருந்து 63 ஒளியாண்டுகள் தொலைவில் இருக்கிறது. அதாவது, இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி 63 ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. என் வயதும் ஏறக்குறைய அதுதான்! விண்வெளிக் கணக்கில் இது பக்கத்து வீடு.

அதைக் கைக்குழந்தை என்றேனே, ஏன்? நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். பீட்டா பிக்டோரிசுக்கோ சுமார் 2 கோடி ஆண்டுகள்தான். சூரியன் அறுபது வயதுத் தாத்தா என்றால், இது மூன்று மாதக் குழந்தை!

தாம்பாளம் சொன்ன துப்பு

1983-ஆம் ஆண்டு ஐராஸ் என்ற செயற்கைக்கோள், இந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஏதோ வெப்பம் வீசுவதைக் கண்டது. மறு ஆண்டே பிராட்ஃபோர்டு ஸ்மித், ரிச்சர்டு டெரில் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் சிலி நாட்டிலிருந்து அதைப் படம் பிடித்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி கண்ணைக் கூசுமே! அதனால் தொலைநோக்கிக்குள் ஒரு சின்ன மறைப்பை வைத்து, நட்சத்திரத்தை மட்டும் மறைத்துவிட்டார்கள். அப்போது இருபுறமும் நீண்ட ஒரு கோடு தெரிந்தது.

ஒரு தாம்பாளத்தைக் கண் மட்டத்தில் பிடித்து விளிம்பைப் பாருங்கள், கோடு போலத்தானே தெரியும்? அதுவும் அப்படி ஒரு தட்டுதான். முழுக்கத் தூசும் கல்லும் நிறைந்த தட்டு. நம் பூமியும் வியாழனும் இப்படிப்பட்ட ஒரு தட்டிலிருந்து பிறந்தவைதான். பிறகு உற்றுப் பார்த்தபோது, தட்டின் உட்பகுதி நெளிந்திருப்பது தெரிந்தது. அப்படியானால் உள்ளே கனமான ஏதோ ஒன்று இருந்து இழுக்கிறது! யார் அது?

யானைமலையில் ஒரு நாணயம்

நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கும் கோளைப் பார்ப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? ஒத்தக்கடை யானைமலை மேல் பெரிய ஃபோகஸ் விளக்கு ஒன்று எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு நாணயத்தின் அகலம் தள்ளி ஒரு மின்மினிப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அவனியாபுரத்தில் நின்று அந்த மின்மினியைக் கண்டுபிடிக்க வேண்டும்!

இதற்கு நட்சத்திரம் இளமையாக இருப்பது உதவியது. அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கிய தோசைக்கல் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியும். அந்தச் சூட்டைக் கொண்டு வருபவை அகச்சிவப்புக் கதிர்கள். புதிதாகப் பிறந்த கோளும் அப்படித்தான் கொதித்துக்கொண்டிருக்கும். அகச்சிவப்பைப் பார்க்கும் கேமரா இருந்தால் அதைப் பிடித்துவிடலாம்.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் பரனால் மலை மேல், 8.2 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியில் அப்படி ஒரு கேமரா இருந்தது. 2003 நவம்பரில் அது எடுத்த படங்களை, ஆன்-மாரி லக்ராஞ்ச் என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானியின் குழுவினர் 2008-இல் மறுபடியும் எடுத்து, புதிய முறையில் ஆராய்ந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளியைக் கழித்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி!

காணாமல் போன புள்ளி

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "கண்டுபிடித்துவிட்டோம்!" என்று துள்ளிக் குதித்திருப்பீர்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. "இது கோளாக இருக்கலாம். அதே திசையில் வெகுதூரம் பின்னால் இருக்கும் வேறொரு நட்சத்திரமாகவும் இருக்கலாம். மறுபடி பார்க்க வேண்டும்" என்றார்கள்.

2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறுபடி பார்த்தார்கள். புள்ளியைக் காணோம்!

எத்தனை ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனால் யோசித்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் நட்சத்திரம் திடீரென்று எங்கே போகும்? சுற்றி வரும் கோள் என்றால், நட்சத்திரத்துக்கு மிக அருகே தெரியும் இடத்துக்கு வந்து, அதன் ஒளியில் மறைந்திருக்கலாம் அல்லவா? ஆகவே காத்திருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் புள்ளி திரும்ப வந்தது. முன்பு இருந்த பக்கத்தில் அல்ல, நட்சத்திரத்தின் மறுபக்கத்தில்! அப்படியானால் அது சுற்றுகிறது. சந்தேகம் தீர்ந்தது. 2010 ஜூனில் உலகுக்கு அறிவித்தார்கள்.

அந்தக் கோளின் பெயர் பீட்டா பிக்டோரிஸ் பி. நம் வியாழனைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு நிறை. சூடோ ஆயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேல். ஒருமுறை சுற்றிவர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் தன்னைத்தானே சுற்றும் வேகத்தைக் கேளுங்கள்: அங்கே ஒரு நாள் என்பது சுமார் 8 மணி நேரம்தான்! இதை 2014-இல் கண்டறிந்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் இருந்தால் மணி அடிப்பதற்குள் பொழுது விடிந்து அடைந்துவிடும்!

தள்ளாடும் நட்சத்திரம்

2019-இல் அதே குழுவினர் அங்கே இரண்டாவது கோளையும் கண்டுபிடித்தார்கள். இதை முதலில் படத்தில் பார்க்கவில்லை. எப்படிக் கண்டார்கள்?

முளைக்குச்சியில் கட்டாத காளை ஒன்று, கயிற்றைப் பிடித்திருப்பவரைச் சுற்றி ஓடுகிறது. அவரும் கொஞ்சம் தள்ளாடுவார் இல்லையா? இருட்டில் காளை தெரியாவிட்டாலும், ஆள் தள்ளாடுவதை வைத்துக் காளை இருப்பதைச் சொல்லிவிடலாம். கோள் இழுக்கும்போது நட்சத்திரமும் அப்படித்தான் தள்ளாடும். நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி மிகச் சிறிதளவு நீலத்தின் பக்கம் நகரும். விலகும்போது சிவப்பின் பக்கம் நகரும். ரயில் நெருங்கி வரும்போது ஊதல் கீச்சென்றும், கடந்து போனதும் மந்தமாகவும் கேட்கிறதே, அதேபோலத்தான்.

ஒளியின் இந்த நகர்வை வைத்து நம் கொடைக்கானலிலேயே ஒரு பெரிய கண்டுபிடிப்பு நடந்திருக்கிறது! சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். ராஜஸ்தானின் அபு மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய 'பரஸ்' என்ற இந்தியக் கருவியும் தள்ளாட்டத்தை அளந்துதான் கோள்களைத் தேடுகிறது. அபிஜித் சக்ரவர்த்தி தலைமையிலான குழு 2021-இல் அப்படி ஒரு பெரிய கோளைக் கண்டுபிடித்தது. தன் நட்சத்திரத்தை மூன்றே கால் நாளுக்குள் சுற்றி வந்துவிடும் கோள் அது!

ஆகவே பிள்ளைகளே, ஒருமுறை பார்த்ததும் "தெரிந்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். மறுபடி பாருங்கள். காணவில்லை என்றால், ஏன் என்று யோசித்துக் காத்திருங்கள். அந்தப் புள்ளி கோள் என்று ஊர்ஜிதமானது அப்படித்தான்.

செய்து பாருங்கள்: அப்பா அம்மாவுடன் மொட்டை மாடிக்குப் போங்கள். தெருவிளக்குக்குப் பக்கத்தில் எந்த நட்சத்திரமும் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் விளக்கை மட்டும் மறையுங்கள். பத்து நிமிடம் பொறுமையாக இருங்கள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். 1984-இல் விஞ்ஞானிகள் செய்ததும் இதே வித்தைதான்! அகத்தியரைக் கண்டுபிடித்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் கைக்குழந்தையையும் விசாரிக்க மறக்காதீர்கள்.