மண்வெட்டி யார் கையில்?

முண்டியம்பாக்கத்திலே சர்க்கரை ஆலை இருக்கிறது. 2010-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கரும்பு வெட்டுவோன் பிள்ளை கரும்புதான் வெட்டவேண்டுமா? கல்லூரிக்கும் போகலாமா?

1953-இல் ஆச்சாரியார் விடை தந்தார்: கிராமப் பள்ளியிலே மூன்று மணி நேரம் படிப்பு; மீதி நேரம் அப்பன் தொழில்! ‘குலக்கல்வி’ என்று கொதித்தெழுந்தது நாடு. அவ்வாண்டு ஜூலையில் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அதுவே. 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

இன்று பள்ளிதோறும் தோட்டம் வேண்டும் என்கிறோம். “அன்று எதிர்த்த மண்வெட்டியை இன்று நீட்டுவதா?” என்பர் சிலர். மண்வெட்டியையா எதிர்த்தோம்? பிறப்பைப் பார்த்து அதைக் கையில் திணித்ததையன்றோ எதிர்த்தோம்!

பள்ளித் தோட்டம் பாடம், பரம்பரைத் தொழிலன்று. பாத்தியை அளந்தால் பரப்பளவு விளங்கும். பத்து அவரை விதை ஊன்றி, முளைத்ததை எண்ணினால் விழுக்காடு விளங்கும். அவரையின் வேர்முடிச்சைக் கண்டால், காற்றிலுள்ள நைட்ரஜனை நுண்ணுயிர் உரமாக்கித் தரும் விந்தை விளங்கும். விளைந்த கீரை சத்துணவுச் சட்டிக்கு! 2019-இல் டில்லி அரசு வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட நெறிமுறையும் இதையே சொல்கிறது.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். ஒடுக்கப்பட்டோர் பிள்ளை குடம் சுமக்க, மற்றவர் பிள்ளை குறிப்பேடு எழுதினால், அது தோட்டமல்ல. கொல்லைப்புற வழியே நுழைந்த குலக்கல்வி! முறை வைக்கச் சொல்லுங்கள். இன்று நீர் இறைத்த பிள்ளை நாளை கணக்கெழுதட்டும். இன்று கணக்கெழுதிய பிள்ளை நாளை களை பறிக்கட்டும்!