மூன்றே ஆண்டில் முடிந்த கார் பந்தயம்

வலியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு மதுரைப் பயணம் புதிதல்ல. தம்பானூரில் பஸ் ஏறினால் நாகர்கோவில், நெல்லை, கோவில்பட்டி, விருதுநகர் என்று ஊர் ஊராகத் தாண்டி மதுரை போய்ச் சேருவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். தூரம் ஏறக்குறைய 300 கிலோ மீட்டர். இதே அளவு தூரத்தை ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் கடந்தார் என்றால் நம்புவீர்களா? அதுவும் நம் நாட்டிலேயே நடந்தது!

2011-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து நான்காம் நாள். டில்லிக்குப் பக்கத்தில், உத்தரப் பிரதேச மாநிலம் கிரேட்டர் நொய்டாவில் புதிதாகக் கட்டிய புத்தர் சர்வதேசப் பந்தயத் தளத்தில், 'பார்முலா ஒன்' எனப்படும் உலகக் கார் பந்தயப் போட்டி இந்தியாவில் முதன்முதலாக நடைபெற்றது. ஒரு சுற்று 5.125 கி.மீ. மொத்தம் 60 சுற்று, 307 கி.மீ. ஜெர்மனி வீரர் செபாஸ்டியன் வெட்டல் 1 மணி 30 நிமிடம் 35 விநாடியில் முடித்து முதலிடம் பெற்றார்.

கொடி அசைத்துப் பந்தயத்தை முடித்து வைத்தவர் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர். பார்க்க வந்தவர்கள் சுமார் 95 ஆயிரம் பேர் என்று சொல்லப்பட்டது. முதல் நாள் பயிற்சியின்போது தெருநாய் ஒன்று பந்தயப் பாதையில் ஓடி, உலகப் புகழ் பெற்ற கார்களையெல்லாம் நிறுத்தி வைத்ததும் உண்டு!

2012-லும் பந்தயம் நடந்தது. 2013-லும் நடந்தது. மூன்று முறையும் வெட்டலே வென்றார். 2013 அக்டோபர் 27-ந் தேதி இங்கே வென்றபோதுதான் நான்காவது முறையாக உலக சாம்பியன் பட்டமும் அவருக்கு உறுதியாயிற்று. அத்துடன் சரி. ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்ட பந்தயம், மூன்று ஆண்டோடு நின்றுபோயிற்று.

நம்மவர் பங்கு

இந்தப் பந்தயத்தில் தமிழருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். முதல் பந்தயத்தில் ஓடிய 24 கார்களில் ஒன்றை ஓட்டியவர் கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவரே. சொந்த நாட்டுப் பந்தயத்தில், வேகம் குறைந்த கார் ஒன்றை ஓட்டி 17-வது இடத்தில் முடித்தார். 2012-லும் ஓடினார். பார்முலா ஒன்னில் கார் ஓட்டிய இரண்டாவது இந்தியரான கருண் சந்தோக், சென்னையில் பிறந்து வளர்ந்தவர். ஆக, அந்த உச்சிக்குப் போன இந்தியர் இருவருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்.

இது தற்செயலல்ல. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தினார்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் திரண்டு வந்தார்கள். பிற்காலத்தில் பார்முலா ஒன் அணி ஒன்றுக்கே சொந்தக்காரரான விஜய் மல்லையா, இளமையில் கார் ஓட்டிய இடமும் சோழவரம்தான்.

பிறகு பந்தயம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எஞ்சினைப் பொருத்தி உள்நாட்டிலேயே பந்தயக் கார் செய்யலாம் என்று காட்டினார். வெளிநாட்டுக் காருக்கு வழியில்லாத இளைஞர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. நாராயணும் அந்த 'பார்முலா மாருதி' காரில்தான் பந்தயத்தைத் தொடங்கினார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

சரி, பெரிய பந்தயம் ஏன் நின்றது? கணக்கெழுதிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பந்தயத்தை இந்தியாவில் நடத்த, இங்குள்ள ஜேப்பி நிறுவனம் உலக அமைப்புக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 4 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 190 கோடி ரூபாய். டெலிவிஷன் ஒளிபரப்பு உரிமை உலக அமைப்பின் பக்கம். உள்ளூர்க்காரருக்கு முக்கிய வரவு டிக்கெட் பணம். 190 கோடியை 95 ஆயிரம் பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். தலைக்கு 20 ஆயிரம் ரூபாய்! முதல் ஆண்டு டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35 ஆயிரம் வரை இருந்தது. குறைந்த டிக்கெட்காரர் பலர் வந்தால் கணக்கு எங்கே சரிக்கட்டும்? தளம் கட்டிய செலவு வேறு. அடுத்த ஆண்டே கூட்டமும் குறைந்தது.

விளையாட்டா, கேளிக்கையா?

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. இந்தப் பந்தயம் விளையாட்டா, கேளிக்கையா? விளையாட்டு என்றால் வரிச்சலுகை. கேளிக்கை என்றால், சினிமாவுக்கு நாம் கொடுத்தோமே, அதுபோலக் கேளிக்கை வரி.

உத்தரப் பிரதேச அரசு முதலில் விலக்கு அளித்தது. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு வந்தது. டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக்கணக்கில் போட்டு வைக்கும்படி 2011-ல் கோர்ட்டு உத்தரவிட்டது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சில நாளில் திரும்பிப் போகும் கார், எஞ்சின், டயர் ஆகியவற்றுக்குச் சுங்கவரி உண்டா என்பதிலும் இழுபறி. 2013-ல் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு வரை வழக்கு இருந்தது. தடைவிதிக்கக் கோர்ட்டு மறுத்ததால் பந்தயம் நடந்தது.

35 ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு ஏன் வரிவிலக்கு என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பால்கனி டிக்கெட் வாங்கிய குமாஸ்தா வரி கட்டினாரே! அந்தப் பகுதியில் நிலம் கொடுத்த விவசாயிகள் கூடுதல் இழப்பீடு கேட்டுப் போராடிய காலம் அது. ஆனால், ஓட்டுகிறவர் பக்கமும் ஒன்று உண்டு. ஒன்றரை மணி நேரம், மணிக்கு 200 கி.மீ.க்கு மேற்பட்ட சராசரி வேகத்தில், உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவது கேளிக்கை என்றால், எதுதான் விளையாட்டு? விடை எதுவானாலும், தளம் கட்டுவதற்கு முன்பே அதைக் கோப்பில் எழுதி முடித்திருக்க வேண்டும். கட்டி முடித்து, கார்களும் வந்து இறங்கிய பிறகு கேட்டதுதான் வினை.

2014 பந்தயம் 2015-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2015-லும் நடக்கவில்லை. 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. சில நாள் பந்தயம்தான் என்றாலும், அந்த நாட்களில் தளம் உலக அமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்தது. எனவே அது அவர்களின் நிரந்தர வியாபார ஸ்தலமே. இங்கே கிடைத்த வருமானத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பாக்கிப் பணம் கட்டவில்லை என்று, தளம் அமைந்த நிலத்தின் ஒதுக்கீட்டையும் அங்குள்ள வளர்ச்சி ஆணையம் 2020-ல் ரத்து செய்தது. 2023 செப்டம்பரில் அங்கே உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டு அதுவும் இல்லை.

எது நிலைத்தது?

ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஓடுதளத்தில், ஆர்வலர்கள் கூடி நடத்திய சோழவரம் பந்தயம் 1980-கள் வரை நீடித்தது. அதிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வந்தது. உள்நாட்டுக் கார் வந்தது. உலக அரங்குக்குப் போக இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். உலகமே பார்த்த கிரேட்டர் நொய்டா பந்தயமோ மூன்று ஞாயிற்றுக்கிழமைகளோடு முடிந்தது.

பெரிய பந்தயம் மீண்டும் வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால், கோவையிலோ நெல்லையிலோ கார் பட்டறை ஒன்றில் 'நானும் ஓட்டுவேன்' என்று கனவு காணும் பையனுக்கு வேண்டியது 190 கோடிப் பந்தயமல்ல. அவன் பழக ஒரு தளம், அவன் கைக்கு எட்டும் விலையில் ஒரு கார். நாராயணுக்கு அந்த இரண்டும் கிடைத்தன. அடுத்தவனுக்கும் கிடைக்க வேண்டும்.