களஞ்சியத்துக்கேற்ற போக்லிப்ட் எது?

மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில் விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. அங்கு 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுடன் இந்திய உதவியில் அமைந்த, வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்பட்ட விவசாயக் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. மூடைகளை மனிதத் தோள்கள் சுமந்த இடங்களுக்குள் இயந்திரங்கள் நுழையும் காலம் இது. இந்நிலையில், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எந்த போக்லிப்ட் வாகனத்தையும் வாங்கிவிடுவது உகந்ததல்ல.

முதலில் நோக்க வேண்டியது எரிபொருளாகும். டீசல் வாகனம் திறந்த முற்றத்துக்கும் லொறிகளில் ஏற்றி இறக்கவும் ஏற்றது. மூடிய களஞ்சியத்தில் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு தொழிலாளரின் உயிருக்கே ஆபத்தானது. புகையிலுள்ள எதிலீன் வாயு காய்கறிகளையும் பழங்களையும் விரைவில் பழுக்கவும் அழுகவும் செய்யும். மாத்தளையின் மிளகு, கராம்பு, ஏலம் போன்ற வாசனைத் திரவியங்களோ புகை நாற்றத்தை ஈர்த்துக்கொள்ளும். எனவே உட்புறத்துக்கு மின்கல வாகனமே பொருத்தமானது. எனினும், குளிரில் ஈய அமில மின்கலத்தின் திறன் குறையும். அதனை மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு வெளிவருவதால், காற்றோட்டமான தனியிடமும் அவசியம்.

இரண்டாவது, இடமும் தரையும். பின்புறப் பாரத்தால் சமநிலை பேணும் சாதாரண போக்லிப்ட் திரும்புவதற்கு அகலமான பாதை தேவை. ஒடுங்கிய பாதையும் உயர்ந்த அடுக்குகளும் உள்ள இடத்துக்கு, கவைகளை முன்னே நீட்டி எடுக்கும் 'ரீச் ட்ரக்' சிறந்தது. ஆனால் அதற்குச் சமதளமான கொங்கிறீற்றுத் தரை வேண்டும். மேடு பள்ளமான முற்றத்துக்குக் காற்றடைத்த பெரிய டயர்களைக் கொண்ட வாகனமே உதவும். உயர அடுக்கத் தேவையற்ற சிறு வர்த்தகருக்குக் கையால் இழுக்கும் பலட் வண்டியே போதுமானது.

மூன்றாவது, சுமையின் அளவு. வாகனத் தகட்டில் 500 மில்லிமீற்றர் சுமைமையத்தில் 2,000 கிலோகிராம் எனக் குறிக்கப்பட்டிருந்தால், சுமை அதைவிட முன்னே நீளும்போது தூக்கக்கூடிய நிறை குறையும். உயரே தூக்கும்போதும் அது குறையலாம். இதனைப் பொருட்படுத்தாமல் சுமையை உயர்த்தியபடி திரும்பும்போது வாகனம் கவிழக்கூடும். கவிழும் வாகனத்திலிருந்து பாய முயலும் சாரதி அதன் அடியிலேயே நசுங்குகிறார். ஆகவே ஆசனப் பட்டியும் முறையான பயிற்சியும் இன்றி எவரையும் சாரதி ஆசனத்தில் அமர்த்தலாகாது.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் நம் நாட்டில் உள்ளன. நட்டஈடு இழந்த காலைத் திருப்பித் தராது. தம்மிடம் வேலைக்கு வருபவரின் உயிரும் உடலும் தமக்கு ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று வர்த்தகர்கள் கருதுவார்களாயின், விலைப்பட்டியலைப் பார்க்கும் முன்னர் தமது களஞ்சியத்தின் பாதையையும் தரையையும் அளந்து பார்ப்பார்கள்.