மனப்புண் ஆறும்போது வலி கூடுவது ஏன்?

திருநாவலூரைக் கடந்து ஓடும் கெடிலம் ஆறு, கடலூரில் தேவனாம்பட்டினத்திற்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய கரை அது. அன்று எழுந்த அலை அன்றே வடிந்துவிட்டது. ஆனால், இத்தகைய பேரிடரில் உயிர் தப்பிய சிலரின் மனத்தில் அலை ஓய்வதில்லை. உறக்கத்தில் அதே காட்சி வருகிறது. சிறு இரைச்சல் கேட்டாலும் உடல் நடுங்குகிறது. சாலை விபத்து, தீ, வன்முறை ஆகியவற்றில் சிக்கியோருக்கும் இந்நிலை நேரலாம். பெரும்பாலோர் நாளடைவில் தாமாகவே தேறிவிடுகின்றனர். தேறாதோரின் துன்பத்தை, 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இதனை ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்கிறோம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. ஆயினும் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில், “முன்பு இருந்ததைவிட இப்போது மோசமாக அல்லவா இருக்கிறது!” என்று சிலர் கலங்குகின்றனர். மருந்து போட்டால் வலி குறையத்தானே வேண்டும்? இங்கு மட்டும் கூடுவானேன்?

ஓயாத அபாய மணி

நம் மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. வடிவில் பாதாம் பருப்பை ஒத்தது. ஆபத்தைக் கண்டதும் அபாய மணி அடிப்பது இதன் வேலை. உடனே அட்ரீனலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் மணி ஓய வேண்டும். இக்கோளாறு உடையவருக்கோ, நினைவு வந்தாலே மணி அடித்துவிடுகிறது. நடந்து முடிந்தது இப்போதுதான் நடப்பதுபோல் தோன்றுகிறது.

ஆகவே அவர் நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்க்கிறார். தவிர்க்கும்தோறும் சற்று நிம்மதி கிடைக்கிறது. ஆனால், ‘ஆபத்து முடிந்துவிட்டது’ என்று மூளை கற்கும் வாய்ப்பு அதனாலேயே கைநழுவிப் போகிறது.

சிகிச்சையாளர் பாதுகாப்பான சூழலில் அந்த நினைவைச் சிறிது சிறிதாகப் பேச வைக்கிறார். இதுவரை தவிர்த்தது இப்போது எதிரே வருகிறது. மணி அடிக்கிறது, கண்ணீர் வருகிறது, அன்றிரவு கனவும் வரலாம். நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்தால் கால் மரத்துப்போகும். எழுந்து காலை நீட்டியதும் ஊசி குத்துவது போன்ற வலி எழுகிறது அல்லவா? உணர்வு திரும்புவதன் அடையாளம் அது. ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும். திரும்பத் திரும்பப் பேசும்போது, ‘நினைவு வேறு, நிகழ்வு வேறு’ என்று மூளை கற்கிறது. பழைய அச்சம் அழிவதில்லை. அதை அடக்கியாளும் புதிய பாடம் அதனருகே பதிகிறது. ஒரே நாளில் பதியும் பாடமன்று அது.

ஆய்வுகள் கூறுவது

எட்னா ஃபோவா என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் இக்கோளாறு உடைய 76 பெண்களை ஆராய்ந்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். துன்பம் தெளிவாகக் கூடியது சிறுபான்மையினருக்கே. அவர்களும் மற்றவர்களைப் போலவே நலம் பெற்றனர். எனவே தொடக்க வலி தோல்வியின் அடையாளமன்று. வலி வராவிட்டால் பயன் இல்லை என்பதுமன்று.

இலங்கையின் வடகிழக்கில், போரையும் ஆழிப்பேரலையையும் ஒருங்கே கண்ட 31 சிறார்களிடம் மற்றோர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தம் வாழ்க்கைக் கதையை விரிவாகச் சொன்னார்கள். மற்றவர்கள் ஆறு அமர்வுகளில் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். சிறு எண்ணிக்கையிலான இவ்வாய்வில் இவ்வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்வதற்கில்லை. குணமடையும் வழி ஒன்றே ஒன்றன்று என்பதே இதில் நாம் காண்பது.

எந்த வலி ஏற்கத்தக்கது?

எல்லா வலியும் நல்லதெனக் கொள்வது தவறு. முதலில் பாதுகாப்பு, பிறகே நினைவுகூர்தல் என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளிவந்த தம் நூலில் வரிசைப்படுத்தினார். பேரிடர் நடந்த சூட்டோடு, பாதிக்கப்பட்டவரை ‘எல்லாவற்றையும் சொல்’ என்று வற்புறுத்தலாகாது. அதனால் பயனில்லை என்பதே உலக நலவாழ்வு அமைப்பின் நிலை. உறக்கம் அடியோடு கெட்டாலோ, அன்றாட வேலை நின்றுபோனாலோ, சிகிச்சையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வேகத்தைக் குறைப்பார்; மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிகளைக் கூட்டுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே உதவி நாட வேண்டும். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. “அங்கே போகப் போய்த்தான் இப்படி ஆனாய்” என்று சொல்லித் தடுத்துவிடாதீர்கள். “இன்று கடினமாக இருந்ததா?” என்று கேட்டு, அருகில் அமருங்கள். அடுத்த வாரம் உடன் சென்று வாருங்கள்.